பாட்டி பூட்டிய கடல்

சமுத்திர ஸ்நானம் என்றால் நமக்கு என்ன? ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ வந்தால், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அலை வரும் சமயம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு முழுக்கு. அவ்வளவுதான். எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்ப்போமே ஒழிய, அந்தத் தண்ணீருக்குள் என்னதான் இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

கண்ணைத் திறந்துகொண்டு முழுகுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. ஐம்பது, அறுபது வயதானவர்களும் உண்டு. முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு, முக்கால் மணி நேரம் கடலுக்கு அடியில் இருந்து, பாறைகளையும் பிராணிகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இதற்கு ‘ஸ்கூபா’ என்று பெயர். தன் மூச்சுக் காற்றைத் தானே கொண்டுபோகும் கருவி என்று அர்த்தம். இந்த வாரம் நாமும் அவர்களோடு மனத்தளவில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம், வாருங்கள்.

போகிற இடம் அமெரிக்காவின் மேற்குக் கரை. சான் பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து தெற்கே சுமார் 110 மைல் போனால் மான்டெரே வளைகுடா வரும். அதன் தென் முனையில் பசிபிக் குரோவ் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கடற்கரையில் பாறைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடத்துக்கு ‘லவ்வர்ஸ் பாயின்ட்’, அதாவது காதலர் முனை என்று பெயர். பெயரைப் பார்த்து ஏதோ சினிமாக் காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதையின் நாயகி எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. அவரைப் பிறகு சந்திப்போம்.

முதலில் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சுரீர் என்கிறதா? நம் மெரினாக் கடல் இதோடு ஒப்பிட்டால் வெந்நீர் அண்டா என்றே சொல்லவேண்டும். அங்கே தண்ணீரின் வெப்பம் வருஷம் முழுவதும் சுமார் 10 முதல் 15 டிகிரி செல்ஷியஸ்தான். காற்றில் இருப்பதைவிடத் தண்ணீரில் நம் உடம்புச் சூடு சுமார் 25 மடங்கு வேகமாகப் பறிபோகும். வெறும் உடம்போடு இறங்கினால், சற்று நேரத்திலேயே விரல்கள் மரத்துப் போய்விடும்.

இத்தனை குளிர்ச்சி எதனால் என்று கேட்பீர்கள். வசந்த காலத்தில் வடமேற்கிலிருந்து கரையோரமாகக் காற்று பலமாக வீசுகிறது. பூமி சுழலுகிற காரணத்தால் மேல் தண்ணீர் கரையை விட்டு விலகி நடுக்கடல் பக்கம் தள்ளப்படுகிறது. அந்தக் காலி இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. சாம்பார்ப் பாத்திரத்தை அடியிலிருந்து கரண்டியால் கிளறிவிட்டால், தங்கிப்போன பருப்பு மேலே வருகிறதல்லவா? அதைப்போல, கடலின் அடியில் தங்கிய சத்தெல்லாம் அந்தக் குளிர்ந்த தண்ணீரோடு மேலே வந்துவிடுகிறது. குளிர் நமக்குத்தான் தொந்தரவு. அங்கே வாழும் ஜீவன்களுக்கு அதுவே சாப்பாடு.

சரி, உடுத்துக்கொள்ளுங்கள். இது கல்யாணப் பெண் அலங்காரத்துக்குக் குறைந்ததல்ல. தலையிலிருந்து கால் வரை 7 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் உடை. தலைக்குக் குல்லாய், கைக்கு உறை, காலுக்குப் பூட்ஸ். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகத்தான் புகும். ஆனால் அது வெளியே போக வழியில்லாமல் உடம்போடு ஒட்டி நின்று, உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிடும். ரப்பருக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருப்பதால் அந்தச் சூடு சுலபத்தில் வெளியேறாது. கம்பளி செய்கிற வேலையேதான். இந்த உடையை 1950-களின் தொடக்கத்தில் யோசித்துச் செய்தவர் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹியூ பிராட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி.

இத்தனை ரப்பரைப் போட்டுக்கொண்டால் நாம் கட்டையைப் போல மிதப்போம். ஆகவே மூழ்குவதற்கென்று இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட் ஒன்று. ஒட்டியாணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கனம் மட்டும் அதிகம்! முதுகில் சிலிண்டர். அடுக்களையில் காஸ் சிலிண்டரைக் கண்டவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. உள்ளே சாதாரணக் காற்றைத்தான் சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தோடு காற்று வாய்க்குள் வந்தால் என்ன கதி? அதற்காகத்தான் ரெகுலேட்டர் இருக்கிறது. நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், வேண்டிய அளவு மட்டும் அது காற்றை விடும்.

இந்த ரெகுலேட்டருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. யுத்த காலத்தில் பிரான்ஸில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்து, மோட்டார் வண்டிகளைக் காஸில் ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்காக எமில் கான்யான் என்ற என்ஜினீயர் ஒரு வால்வு செய்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவரோடு சேர்ந்து, 1943-இல் அதையே மனிதன் மூச்சு விடுவதற்குத் தகுந்தபடி மாற்றி அமைத்தார். மனிதன் மீனைப்போல் சுதந்தரமாகக் கடலுக்குள் திரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இந்த 1943 என்ற வருஷத்தை மட்டும் ஞாபகத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இறங்குமுன் மூன்று கட்டளைகள். ஒன்று, தனியாகப் போகக் கூடாது, எப்போதும் ஜோடியாகத்தான். உங்கள் கருவியை அவரும், அவர் கருவியை நீங்களும் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. அடியில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். அடக்கினால் நுரையீரலுக்கே ஆபத்து. மூன்று, அவசரப்பட்டு மேலே வரக் கூடாது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறதே, அந்த மாதிரி ரத்தத்தில் கரைந்த வாயு குமிழிகளாகக் கிளம்பிவிடும். நிதானமாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் தங்கி, பிறகுதான் தலையை வெளியே நீட்ட வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. நம் முழுக்குக் காகிதத்தில்தான். ஆகவே தைரியமாக வரலாம்.

இதோ, தண்ணீருக்குள் வந்துவிட்டோம். அண்ணாந்து பாருங்கள். நாம் நிற்பது ஒரு காட்டுக்குள்ளே! பாறையிலிருந்து மரம் மரமாக எழும்பி, மேல் மட்டம் வரை போய், அங்கே பந்தல் போட்டது போல் படர்ந்திருக்கிறது. இதற்குக் ‘கெல்ப்’ என்று பெயர். கடற்பாசி இனந்தான், ஆனால் பூதாகாரமானது. நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேலேகூட வளரும். ஒவ்வொரு இலையின் அடியிலும் சின்னக் காற்றுப் பை ஒன்று இருந்து, அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. பந்தலின் இடுக்கு வழியாகச் சூரிய வெளிச்சம் தூண் தூணாக இறங்குகிறது. கோவில் பிராகாரத்தில் நிற்கிற மாதிரி ஓர் அமைதி. நம் மூச்சுக் குமிழிகளின் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது.

பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பு நிறம் மங்கிச் சாம்பலாகத் தெரியும். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். கையிலுள்ள விளக்கைப் பாறைமேல் அடியுங்கள். ஆஹா! ரோஜா நிறத்திலும் குங்கும நிறத்திலும் விரல் நகம் அளவில் ஆயிரமாயிரம் கடற் பூக்கள் பாறையை மூடியிருக்கின்றன. பூ என்று சொன்னாலும் இவை பிராணிகள்தான். இதழ் மாதிரி விரித்திருப்பதெல்லாம் இரை பிடிக்கும் கைகள். அவற்றுக்கிடையே பட்டுத் துணித் துண்டு போல ஊர்கிற இளஞ்சிவப்பு நத்தை ஒன்று. அதற்கு ஓடு இல்லை. தன் முதுகில் பாசியையும் கடற்பஞ்சையும் ஒட்டி வைத்துக்கொண்டு வேஷம் போடும் நண்டு ஒன்று.

அந்தப் பொந்தில் பயங்கரமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறதே, அதன் பெயர் லிங்காட் மீன். குளிர்காலத்தில் வந்தால் அதன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டைக் குவியல் இருக்கும். முட்டையிட்ட தாய் போய்விடும். குஞ்சு பொரிகிற வரையில் வாரக் கணக்காக அங்கேயே காவல் இருப்பது தகப்பன்! மாலையில் ஆபீஸிலிருந்து வருகிறவரிடம் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

மேலே பந்தலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வயிற்றின்மேல் ஒரு கல்லை வைத்து, அதில் சிப்பியை மோதி உடைத்துத் தின்கிறதே, அதுதான் கடல் நீர்நாய். திமிங்கிலத்துக்கு இருப்பது போல் இதற்குத் தோலடியில் கொழுப்புக் கிடையாது. குளிரைத் தாங்குவது ரோமத்தால்தான். எந்தப் பிராணிக்கும் இத்தனை அடர்த்தியான ரோமம் இல்லை. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். அப்படியும் போதாமல், தன் எடையில் கால் பங்கு அளவுக்குத் தினமும் சாப்பிட்டு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிடித்தமான பட்சணம் கடல் முள்ளெலி. உடம்பெல்லாம் ஊசி குத்திய பந்து போல் இருக்கும் சின்னப் பிராணி அது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, “ஆதிகாலத்திலிருந்து இப்படியே இருந்திருக்கும், கொடுத்து வைத்த ஊர்” என்று தோன்றுகிறதல்லவா? இல்லை. இந்தக் கடல் ஒரு தடவை ஏறக்குறையச் செத்துப்போயிற்று.

முதலில் போனது நீர்நாய். அந்த ரோமமே அதற்கு எமனாக வந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ரோம வியாபாரிகள் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். அடுத்தபடி, ‘அபலோன்’ என்ற பெரிய சிப்பியை அள்ளி அள்ளி எடுத்தார்கள். பிறகு மத்தி மீன். மான்டெரேயில் கரையோரமாக வரிசையாய்த் தொழிற்சாலைகள் எழுந்தன; டன் டன்னாக மீனைப் பிடித்து டப்பாவில் அடைத்தார்கள். குடலையும் கழிவையும் வளைகுடாவிலேயே கொட்டினார்கள். நாற்றம் தாங்கவில்லை. ஜான் ஸ்டீன்பெக் 1945-இல் ‘கானரி ரோ’ என்று ஒரு நாவல் எழுதிப் பிரபலப்படுத்தியது இந்தத் தெருவைத்தான்.

இந்த நேரத்தில்தான் நம் மூதாட்டி வருகிறார். பெயர் ஜூலியா பிளாட். 1857-இல் பிறந்தவர். பிராணி நூலில் அசாத்தியமான ஞானம். ஹார்வர்டில் படித்தார், ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்ணுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை. கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், 1898-இல் பிரைபர்க் சர்வகலாசாலையில் பட்டத்தை வாங்கினார். கருவில் தாடைக் குருத்தெலும்பு எந்தத் திசுவிலிருந்து உண்டாகிறது என்பதைப் பற்றி அவர் கண்டு சொன்னதைப் பெரிய பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதே சரி என்று பல வருஷங்களுக்குப் பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பெண்ணாயிற்றே! ஒரு சர்வகலாசாலைத் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார். வேலையில்லாத வாழ்வு வாழ்வே அல்ல. விரும்பிய வேலை கிடைக்காவிட்டால் அதற்கடுத்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அதன் சாரம். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. பசிபிக் குரோவில் வந்து குடியேறி, ஊர்க் காரியங்களில் இறங்கிவிட்டார்.

அவருடைய சுபாவத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். காதலர் முனையில் கடற்கரைக்குப் போகிற வழியில், அங்கே குளிக்கும் விடுதி நடத்தியவர் கதவைப் போட்டுப் பூட்டிவிட்டார். கடற்கரை ஊர் ஜனங்களுக்குச் சொந்தம் என்று அம்மையார் வாதாடினார். யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அம்மையார் தாமே வந்து பூட்டை அரத்தால் அறுத்தார். விடுதிக்காரர் கதவை ஆணியடித்து மூடினார். அம்மையார் கோடாலியோடு வந்தார்! கதவு திறந்துகொண்டது.

1931-இல் ஊரார் அவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்த மேயர் செய்த காரியந்தான் நமக்கு முக்கியம். ஊரை ஒட்டிய கடற்பகுதியை ஊரே நிர்வகித்துக்கொள்ளும் உரிமையை மாகாணச் சட்டசபையிடம் போராடி வாங்கினார். அந்தக் கரையோரத்தில் சிப்பி, நத்தை, நட்சத்திர மீன் போன்ற பிராணிகளை யாரும் எடுத்துப் போகக் கூடாது என்று காப்பிடம் ஏற்பட்டது. அம்மையாரின் கணக்குச் சுலபமானது. ஒரு சிறு இடத்தையாவது தொடாமல் விட்டுவைத்தால், அங்கே பெருகும் ஜீவன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போய் மற்ற இடங்களிலும் குடியேறும். அடுத்த போகத்துக்கு விதை நெல்லை எடுத்து வைப்பதில்லையா? கரையில் கதவை உடைத்தவர், கடலில் பூட்டுப் போட்டார்.

அவர் 1935-இல் காலமானார். உடலைக் கடலிலேயே சேர்த்தார்கள். அப்போது வளைகுடாவில் நாற்றம் குறையவில்லை, நீர்நாய் இல்லை, நாம் பார்த்தோமே அந்தக் காடு, அதுவும் இந்தச் செழிப்பில் இல்லை. 1943-ஐ முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இப்போது எடுங்கள். தண்ணீருக்கு அடியில் மூச்சுவிட்டுக்கொண்டு நீந்தும் கருவி வருவதற்கு எட்டு வருஷம் முன்பே அவர் போய்விட்டார். பூட்டிக் காத்த தோட்டத்துக்குள் ஒரு நாளாவது உலவிப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு இல்லை. பேரன் பேத்தி பறித்துத் தின்னட்டும் என்று மாங்கன்று நடுகிற பாட்டிகள் நம் வீடுகளிலும் உண்டு. இவர் நட்டது கடலில்.

பலன் மெதுவாக வந்தது. யுத்தம் முடிந்த சில வருஷங்களில் மத்தி மீன் அற்றுப்போய், தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கடைசித் தொழிற்சாலை 1973-இல் மூடியது. இதற்கிடையில் ஒரு நல்ல சங்கதி. அடியோடு அழிந்தது என்று எண்ணியிருந்த நீர்நாய்களில் ஒரு கூட்டம், 1938-இல் தெற்கே பிக்ஸ்பி ஓடையருகே மக்கள் கண்ணில் பட்டது. அவற்றின் சந்ததி பெருகிப் பரவி, 1960-களில் மான்டெரேக்கு வந்து சேர்ந்தது. அம்மையாரின் காப்பிடத்தில் அவற்றுக்குத் தயாராக விருந்து காத்திருந்தது. நீர்நாய்கள் முள்ளெலிகளைத் தின்றன. கெல்ப்பை வேரோடு அரித்துக்கொண்டிருந்தவை அந்த முள்ளெலிகள்தாம். அவை குறைந்ததும் காடு தழைத்தது. காடு தழைத்ததும் மீன்கள் வந்தன. 1984-இல் பழைய மீன் தொழிற்சாலை இருந்த இடத்திலேயே பெரிய மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. 2007-இல் காதலர் முனைக் கடற்பகுதி, எந்த ஜீவனையும் எடுக்கக் கூடாத முழுக் காப்பிடமாயிற்று; பிற்பாடு அம்மையார் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

இத்தோடு மங்களம் பாடிவிடலாம் என்றால், கடல் விடவில்லை. 2013 முதல் அந்தக் கரை நெடுக நட்சத்திர மீன்களை ஒரு வியாதி பிடித்தது. கைகள் கழன்று விழுந்து, உடம்பு கூழாகி மாண்டன. அதற்குக் காரணம் ஒருவகைப் பாக்டீரியா என்று 2025-இல்தான் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். செத்தவற்றில் முக்கியமானது இருபதுக்கு மேற்பட்ட கைகளுள்ள சூரியகாந்தி நட்சத்திர மீன். நீர்நாயைப் போல அதுவும் முள்ளெலியைத் தின்பது. அதன்மேல் 2014 முதல் 2016 வரை கடல் நீர் வழக்கத்துக்கு விரோதமாகச் சூடேறியது. குளிர்ந்த நீரோடு வரும் சத்துக் குறைந்து, கெல்ப் வாடியது. முள்ளெலிகளுக்கு வேட்டை! கலிபோர்னியாவின் வட பகுதியில் கெல்ப் காடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அழிந்தது. மான்டெரேயிலும் பல இடங்கள் முள்ளெலி மட்டும் மண்டிய மொட்டைப் பாறைகளாயின.

நீர்நாய்கள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். அவை கெட்டிக்காரச் சமையற்காரிகள். மொட்டைப் பாறையிலுள்ள முள்ளெலி பட்டினியால் உள்ளே காலியாக இருக்கும், அதைச் சீந்துவதில்லை. கெல்ப் மிச்சமிருக்கும் இடத்தில் கொழுத்துக் கிடப்பதைத்தான் பொறுக்கித் தின்றன. அதனால், மிச்சமிருந்த காடு பிழைத்தது. போன காடு போனதுதான். பட்டினி முள்ளெலியோ சாகாமல் வருஷக் கணக்கில் பாறையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆகவே 2021-இல் ஒரு புதுமை நடந்தது. மான்டெரேயில் ‘டாங்கர்ஸ் ரீப்’ என்ற பாறைப் பகுதியில், பொழுதுபோக்குக்காக ஸ்கூபா மூழ்குகிறவர்களும் சுத்தியலால் முள்ளெலிகளை உடைக்கலாம் என்று அரசாங்கம் சில காலத்துக்கு அனுமதி கொடுத்தது. வேடிக்கை பார்க்க இறங்கியவர்கள் களை எடுக்கவும் இறங்கினார்கள். குளிரில் விறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக!

அம்மையாரின் காப்பிடத்திலோ சட்டப்படி ஒரு முள்ளெலியைக்கூடத் தொட முடியாது. தொடாமல் காப்பதா, தொட்டுக் காப்பதா என்று இன்று விவாதம் நடக்கிறது. பூட்டும் வேண்டும், சமயம் பார்த்துத் திறந்து உள்ளே பெருக்கித் துடைக்கவும் வேண்டும் என்பது வீட்டை ஆளுகிற நமக்குத் தெரிந்த நியாயம். ஆனால், பூட்டு ஒன்று இருந்ததால்தானே இன்று விவாதம் செய்ய அங்கே ஏதாவது மிச்சமிருக்கிறது?

உங்களில் எத்தனையோ பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ கலிபோர்னியாவில் இருக்கக்கூடும். பேரப் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது, கடைத்தெருவையும் பாலத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஸான் ஹோஸேயிலிருந்து மான்டெரே 75 மைல் தூரந்தான். மூழ்க வேண்டாம், பயமும் வேண்டாம். மீன் காட்சிசாலையில் 28 அடி உயரக் கண்ணாடித் தொட்டியில் கெல்ப் காட்டையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஸ்கூபாக்காரர்கள் மீன்களுக்கு இரை போடுவதை நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். பிறகு, காதலர் முனைக்குப் போய்க் கரையில் நில்லுங்கள். பந்தலில் மல்லாந்து கிடக்கும் நீர்நாய் ஒன்று கண்ணில் பட்டால், பேத்திக்குக் காட்டி அந்தக் கோடாலிப் பாட்டியின் கதையைச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் எடுத்துப்போக மறக்க வேண்டாம், கரையிலும் குளிர்தான்.